கத்திரி வெயிலில் குரங்குக் குல்லா

வேலூர் கொணவட்டத்தில் ஒரு கார் ஏசி கடை. மே மாதம், மதியம் 2 மணி. கணக்கு வாத்தியார் ஒருவர் காரை விட்டு இறங்குகிறார். கழுத்தில் மஃப்ளர்.

பாய்: வாங்க வாத்தியாரே. ஊட்டியிலிருந்து நேராக வருகிறீர்களா?

வாத்தியார்: சத்துவாச்சாரியிலிருந்து வருகிறேன் பாய். இந்த ஏசி என்னைக் கொல்கிறது. 24-ல் வைத்தால் 24 என்றுதான் காட்டுகிறது, உள்ளே பல் தந்தியடிக்கிறது. பின் சீட்டில் என் மாமியார் குரங்குக் குல்லா போட்டு உட்காருகிறார். கிரீன் சர்க்கிளில் நின்றால் பக்கத்து ஆட்டோக்காரர், கிழவியைக் கடத்துகிறேனோ என்று உற்றுப் பார்க்கிறார்.

பாய்: முப்பது வருஷத் தொழிலில், குளிருகிறது என்று அழுதுகொண்டு வந்த வேலூர்க்காரர் நீங்கள் ஒருத்தர்தான்.

வாத்தியார்: வேறொரு கடையில் கம்ப்ரசர் போச்சு என்றார்கள்.

பாய்: போன கம்ப்ரசர் இப்படியா குளிரும்? அது பாவம், ஓய்வில்லாமல் ஓடுகிறது. அந்த 24 நீங்கள் கேட்டது வாத்தியாரே, உள்ளே இருப்பது இல்லை. ஓட்டலில் எழுதும் சீட்டு மாதிரி. சீட்டில் நெய் ரோஸ்ட் இருக்கும், தட்டில் எது வருமோ! உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்ல ஒரு சென்சார் உண்டு. ஸ்டியரிங் பக்கத்தில் சின்னச் சல்லடை இருக்கும், அதற்குப் பின்னால்.

(தேடுகிறார். டார்ச் அடித்துத் தேடுகிறார்.)

பாய்: என்ன இது, உங்கள் வண்டிக்குச் சல்லடையே இல்லை?

வாத்தியார்: அந்தப் பொட்டுக்குக் கீழே பாருங்கள்.

பாய்: எந்தப் பொட்டு? பதினாறு இருக்கிறது.

வாத்தியார்: அதோ, பெரியது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மாமியார் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைப்பார். வட்டமாக இருந்ததா, பொட்டு வைக்கத்தான் கம்பெனிக்காரன் இடம் விட்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டார். ஜலகண்டேஸ்வரரை 1981-ல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது முன்வரிசையில் நின்றவர் மாமியார், பாய். அவரை யார் எதிர்த்துப் பேசுவது?

(பாய் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பொட்டின் மேல் வைக்கிறார். அது நழுவி வாத்தியாரின் செருப்பில் விழுகிறது.)

பாய்: பார்த்தீர்களா? பின்னால் ஒரு குழாய் உள்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கணும். காகிதம் ஒட்டி நிற்கணும். மூக்கை அடைத்துவிட்டீர்கள்.

வாத்தியார்: அப்படியானால் சென்சார் செத்திருக்கும். புதிதாகப் போட்டுவிடுங்கள்.

பாய்: நாடி பார்க்காமலே பாடை கட்டுவீர்களா?

(பேனலைக் கழற்றி மிளகு அளவு சென்சாரை வெளியே இழுத்து மீட்டரை வைக்கிறார்.)

பாய்: 1.2 கிலோ ஓம்.

வாத்தியார்: இதற்கும் ஓம் உண்டா? மாமியாரிடம் சொன்னால் இதற்குத் தனியாகக் கற்பூரம் காட்டுவார்.

பாய்: அது மின்தடை அளவு வாத்தியாரே. சூடு ஏறினால் இந்த எண் இறங்கும், குளிர்ந்தால் ஏறும். மற்ற ஊரில் சென்சாரைக் கையில் பொத்திப் பிடித்தால் சூடேறி எண் இறங்கும். இங்கே பாருங்கள்.

வாத்தியார்: 1.5. ஏறுகிறதே?

பாய்: ஷெட்டுக்குள் 41 டிகிரி. என் கை அதைவிடக் குளிர்ச்சி. இந்த ஊரில் சென்சாருக்கே என் கைதான் ஏசி.

(வாத்தியார் பாதி குடித்து வைத்த ரோஸ்மில்க் டம்ளரின் வெளிப்பக்கத்தில் சென்சாரை ஒட்டிப் பிடிக்கிறார். எண் நிதானமாக 2.8 வரை போகிறது.)

பாய்: நல்ல பிள்ளை. ஒயர் அறுந்திருந்தால் எண்ணே வராது. ஏசியை ஓட்டுகிற கம்ப்யூட்டர், இமயமலையில் நிற்கிறோம் என்று நினைத்துச் சூடாக ஊதினாலும் ஊதும். சில வண்டியில் அதுவாக ஒரு கணக்கை வைத்துக்கொண்டு ஓட்டிவிடும்.

வாத்தியார்: அப்புறம் ஏன் குளிர்ந்தது?

பாய்: அடைத்துக் கிடக்கிற சென்சாருக்கு உள்காற்று தெரியாது. வெயிலில் காய்ந்த டேஷ்போர்டு சூடுதான் தெரியும். "இன்னும் சூடு, இன்னும் சூடு" என்று அது கத்த, கம்ப்யூட்டர் குளிரைக் கொட்டுகிறது. அப்புறம், கண்ணாடிக்குக் கீழே பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு அடியில் வெயில் சென்சார். அவரை நீங்களே எடுங்க வாத்தியாரே.

வாத்தியார்: (எடுத்துக்கொண்டே) இவரும் சேர்ந்துதான் குளிரவைத்தாரா?

பாய்: அவர் வெயிலை மறைத்து, வெளியே பொழுது சாய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தயவில்தான் குளிர் கொஞ்சமாவது குறைந்தது.

(பழைய பல் துலக்கும் பிரஷால் சந்தனத்தைச் சுரண்டுகிறார். ஐந்து வருஷத்துச் சந்தனம், அடுக்கடுக்காகப் பெயர்ந்து வருகிறது. எல்லாம் மாட்டியபின் காகிதம் டப்பென்று சல்லடையில் ஒட்டுகிறது. பத்து நிமிஷம் கழித்து வாத்தியார் மஃப்ளரை அவிழ்க்கிறார். அவருடைய போன் அடிக்கிறது.)

வாத்தியார்: சரியாகிவிட்டது அத்தை... ஆமாம்... சரி அத்தை. (போனை வைத்துவிட்டு) எவ்வளவு பாய்?

பாய்: முந்நூறு கொடுங்கள். வீட்டில் என்ன சொன்னார்கள்?

வாத்தியார்: திருஷ்டி கழிந்ததாம். சாயங்காலம் சந்தனம் அரைத்து வைக்கிறாராம்.

பாய்: (சல்லடையைக் கையால் பொத்திக்கொண்டு) பம்பரில், வாத்தியாரே, பம்பரில்!