இயந்திரத்துக்கு முகம் எதற்கு?

2025 நவம்பரில் சீனாவின் குவாங்சோ நகரில் எக்ஸ்பெங் என்னும் மின்கார் நிறுவனம், 'அயர்ன்' என்று பெயரிட்ட தன் ரோபோவை மேடையில் நடக்கவிட்டது. பெண்ணுடலின் வடிவத்தோடும் இடுப்பசைவோடும் அது நடந்து வந்ததைப் பார்த்த பலர், உள்ளே ஓர் ஆள் இருப்பதாகவே சந்தேகப்பட்டார்கள். அந்தப் பேச்சு இணையம் முழுக்கப் பரவியதும், நிறுவனத்தின் தலைவர் ஹே சியோபெங் ரோபோவை மீண்டும் மேடையேற்றினார். அதன் கால் உறையைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்து, உள்ளிருந்த இயந்திரப் பாகங்களைக் கூட்டத்துக்குக் காட்டினார்கள். பலர் வியந்து பகிர்ந்த அந்தக் காணொளி எனக்குக் கவலையையே தந்தது. ஓர் இயந்திரம் இயந்திரம்தான் என்று மெய்ப்பிக்க அதன் தோலைக் கிழிக்க வேண்டிய நிலை வந்ததை ஒரு நிறுவனம் தன் வெற்றியாகக் கொண்டாடுகிறது என்றால், அது எதை நோக்கிப் போகிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.

ரோபோவுக்கு மனித உடலமைப்பே கூடாது என்பது என் வாதம் அன்று. நம் வீடுகளின் படிக்கட்டு, கதவின் தாழ்ப்பாள், அடுப்பின் திருகு, அலமாரியின் உயரம் எல்லாமே இரண்டு காலும் இரண்டு கையும் ஐந்தாறு அடி உயரமும் உள்ள உடலுக்காக அமைந்தவை. அந்த வீட்டுக்குள் வேலை செய்ய வரும் கருவிக்கும் ஏறத்தாழ அதே அளவுகள் இருப்பது வசதிதான். ஆனால் பாத்திரம் துலக்க இமை மயிர் தேவையில்லை. பெட்டி தூக்கப் புன்னகை தேவையில்லை. பேசும்போது கண்ணைச் சற்றுத் தாழ்த்துவது, யோசிப்பதுபோல் ஒரு கணம் தயங்குவது, மூச்சு விடுவதுபோல் நெஞ்சை அசைப்பது ஆகியவை எந்த வேலையையும் செய்து முடிப்பதில்லை. எதிரில் இருப்பவரின் மனத்தில் 'இதற்குள் யாரோ இருக்கிறார்' என்ற எண்ணத்தை உண்டாக்குவது மட்டுமே அவற்றின் பணி.

அந்த எண்ணம் பொய் என்பதோடு இது முடிந்துவிடவில்லை. ரோபோவுக்குள் உண்மையாகவே மனிதர்கள் இருக்கிறார்கள். பொம்மையின் முகம் அவர்களை மறைக்கிறது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

துண்டும் படுக்கை விரிப்பும் நெய்து உலகெங்கும் அனுப்பும் நம் கரூரிலிருந்தே ஒரு சான்றைச் சொல்லலாம். அங்கே ஒரு தரவு நிறுவனத்தில் இளைஞர்கள் நெற்றியில் சிறு கேமராவைக் கட்டிக்கொண்டு மேசை முன் நின்று துண்டு மடிக்கிறார்கள் என்று அமெரிக்க நாளேடு ஒன்று 2025 நவம்பரில் எழுதியது. வலப்பக்கக் கூடையிலிருந்து வலக்கையால் மட்டுமே துண்டை எடுக்க வேண்டும். உதறி விரிக்க வேண்டும். மும்முறை மடிக்க வேண்டும். மடித்ததை மேசையின் இடது மூலையில் வைக்க வேண்டும். ஒரு துண்டுக்கு ஒரு நிமிடம் வரைதான் நேரம். வரிசை தவறினால் அந்தப் படப்பதிவு பயன்படாது. மீண்டும் எடுக்க வேண்டும். இப்படி எடுத்த பதிவுகள் அமெரிக்க நிறுவனங்களுக்குப் போய், அங்குள்ள ரோபோக்களுக்குப் பாடமாகின்றன. நாளை கலிபோர்னியாவில் ஒரு வீட்டுக் கூடத்தில் ரோபோ ஒன்று துண்டை அழகாக மடித்து வைக்கும்போது, அந்த விரல்களின் பழக்கத்தில் கரூர் இளைஞர்களின் உழைப்பும் கலந்திருக்கக்கூடும். வீட்டுக்காரர் நன்றி சொல்வாரானால் அதை வாங்கிக்கொள்வது அந்த ரோபோவின் புன்னகைக்கும் முகமாகத்தான் இருக்கும். யாருக்குப் போக வேண்டிய நன்றி அது?

பயிற்சியில் மட்டும் அன்று, வேலை நடக்கும் நேரத்திலும் மனிதர்கள் பின்னால் இருக்கிறார்கள். 2024 அக்டோபரில் டெஸ்லா நிறுவனம் கலிபோர்னியாவில் நடத்திய விழாவில் ஆப்டிமஸ் ரோபோக்கள் விருந்தினருக்குப் பானம் ஊற்றிக் கொடுத்து உரையாடின. அவற்றை மனிதர்கள் தொலைவிலிருந்து இயக்கினார்கள் என்பது பிறகு வெளிவந்தது. 2025 அக்டோபரில் 1எக்ஸ் நிறுவனம் வீட்டு வேலைக்கென 20,000 டாலர் விலையில் 'நியோ' என்ற ரோபோவை அறிவித்தது. அதற்குத் தெரியாத வேலை வந்தால், நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் கண்ணில் மெய்நிகர்க் கருவியை மாட்டிக்கொண்டு ரோபோவின் கேமராக்கள் வழியாக நம் வீட்டைப் பார்த்து அதன் கைகளை இயக்குவார். வீட்டுக்காரரின் ஒப்புதல் இல்லாமல் இது நடக்காது என்றும், மனித உருவங்களை மங்கலாக்கிக் காட்ட முடியும் என்றும் நிறுவனம் சொல்கிறது. இதை மறைக்காமல் முன்கூட்டியே சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மகனுக்குத் தெரிந்திருப்பது, அந்த வீட்டில் நாள் முழுக்க இருக்கும் தாய்க்குத் தெரிந்திருக்குமா? வேலைக்கு ஒருவர் வீட்டுக்குள் வந்தால் நாம் புடவையைச் சரிசெய்துகொள்கிறோம், பேச்சைக் குறைத்துக்கொள்கிறோம், அறைக்கதவைச் சாத்துகிறோம். கனிவான பொம்மையின் கண்களுக்குப் பின்னால் ஒருவர் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியாதவர் அந்தக் காப்பு எதையும் செய்துகொள்ள மாட்டார்.

நாம் எவ்வளவு எளிதில் இளகிப்போகிறோம் என்பது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1966இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிஞர் ஜோசப் வைசென்பாம் 'எலைசா' என்ற நிரலை எழுதினார். நாம் தட்டச்சு செய்வதையே பெரும்பாலும் கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய நிரல் அது. முகமும் இல்லை, குரலும் இல்லை. அவர் அதைப் பல மாதங்கள் உருவாக்கியதை அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் சில வரிகள் உரையாடியதும், அறையைவிட்டுச் சற்று வெளியே போகும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். வைசென்பாம் அதிர்ந்துபோனார், பிற்காலம் முழுதும் இந்தப் போக்கை எச்சரித்துக்கொண்டே இருந்தார். வெறும் எழுத்துக்கே இந்த வலிமை என்றால், ஈரக் கண்களும் மென்மையான தோலும் சேர்ந்தால் என்ன ஆகும்?

எங்கள் தெருவில் தனியாக வாழும் பெரியம்மா ஒருவர், மருந்து நேரத்தை நினைவூட்டும் கைப்பேசிக் குரலுக்கு, "சரிம்மா, இதோ போட்டுக்கிறேன்" என்று ஒவ்வொரு முறையும் பதில் சொல்வார். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பேச்சுக்குப் பேச்சு கொடுப்பது வாழ்நாள் பழக்கம். பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் ஊரிலுமாக வாழும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். மனித முகமுள்ள துணை ரோபோவை விற்க வருபவர்கள் முதலில் தட்டப்போவது அந்த வீடுகளின் கதவைத்தான். முதியவரிடம் அது 'உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன்' என்று சொல்லும். அதற்கு நினைவும் இல்லை, நினைத்ததும் இல்லை. மாதச் சந்தா நின்றால் அந்தக் குரலும் நின்றுவிடும்.

முதியோருக்கு இயந்திரத் துணையே வேண்டாம் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானில் தகனோரி ஷிபாதா உருவாக்கிய 'பாரோ' என்ற ரோபோ, வெள்ளை மயிர் போர்த்திய கடல்நாய்க் குட்டியின் வடிவம் கொண்டது. தடவினால் தலை தூக்கும், மெல்லக் குரல் கொடுக்கும். மறதிநோய் உள்ள முதியோரின் பராமரிப்பில் பல நாடுகளில் பயன்படும் அதற்கு அமெரிக்க அரசு 2009இல் மருத்துவக் கருவியாக அனுமதி அளித்தது. பூனையையும் நாயையும் எல்லோரும் வளர்த்துப் பழகியிருப்பதால் செயற்கையானதை உண்மையோடு ஒப்பிட்டுவிடுவார்கள் என்றும், கடல்நாயோடு யாரும் வாழ்ந்ததில்லை என்பதால் அந்த ஒப்பீடு எழாது என்றும் எண்ணியே ஷிபாதா அந்த வடிவத்தைத் தேர்ந்தார். பாரோ பேசுவதில்லை, மகளைப்போல் நடிப்பதில்லை. ஆறுதல் தர மனித வேடம் கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

1970இல் ஜப்பானியப் பொறியாளர் மசாஹிரோ மோரி எழுதிய சிறு கட்டுரையை இத்துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மனிதச் சாயல் கூடக்கூட ரோபோவின் மேல் நமக்கு நெருக்கம் வளரும், ஆனால் ஏறத்தாழ மனிதனே என்ற கட்டத்துக்கு வரும்போது அந்த நெருக்கம் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் சட்டென்று அருவருப்பாக மாறும் என்றார் அவர். நரம்பும் நகமும் கைரேகையும் கொண்ட செயற்கைக் கையைக் குலுக்கும்போது, அதன் குளிர்ச்சியும் எலும்பில்லாத பிடியும் நம்மைத் திடுக்கிட வைப்பதை அவர் எடுத்துக்காட்டினார். இன்று பல நிறுவனங்கள் அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடுவதே தங்கள் கடமை என்று இக்கட்டுரையை வாசிக்கின்றன. மோரி தந்த அறிவுரையோ, பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுங்கள் என்பது. மரத்தின் இயல்பான நிறத்தை மறைக்காமல், புத்தர் சிலைகளைச் செதுக்கும் கலைஞரின் கைவண்ணத்தில் அமைந்த அழகிய மரக்கையை அவர் முன்மாதிரியாகச் சொன்னார். கையின் அழகு அதில் இருக்கும். கை என்று ஏமாற்றும் நோக்கம் இருக்காது.

ஒசாகா பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி இஷிகுரோ இதற்கு எதிர்த்திசையில் நெடுந்தொலைவு போனவர்; 2006இல் தன்னையே அச்சாக வைத்து 'ஜெமினாய்டு' என்ற ரோபோவைச் செய்தார். மனிதன் என்றால் என்ன என்று அறிவதற்கே இந்த முயற்சி என்று அவர் சொல்வதை நான் ஏற்கிறேன். ஆய்வுக்கூடத்தில் அதற்கு இடம் உண்டு. அவருடைய பங்களிப்போடு 2019இல் கியோட்டோவின் கோதாய்ஜி ஆலயத்தில் வைக்கப்பட்ட 'மிந்தார்' இன்னும் என்னைக் கவர்கிறது. கருணைத் தெய்வமான கன்னோனின் உருவில் அறவுரை சொல்லும் அந்த ரோபோவுக்கு முகத்திலும் கைகளிலும் தோளிலும் மட்டுமே தோல். மற்ற இடமெல்லாம் உலோகச் சட்டமும் கம்பிகளும் திறந்தே கிடக்கின்றன. கும்பிடுகிறவருக்கும் தான் யார் முன் நிற்கிறோம் என்று தெரியும்.

ஏவல் கேட்கும், வரவேற்கும் ரோபோ பல இடங்களில் பெண் வடிவில் வருவதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. 2024இல் திருவனந்தபுரம் பள்ளியொன்றில் பாடம் சொல்ல வந்த 'ஐரிஸ்' புடவை உடுத்தியிருந்தது. 2017 அக்டோபரில் சவூதி அரேபியா பெண் முகம் கொண்ட 'சோபியா' ரோபோவுக்குக் குடியுரிமை அறிவித்தபோது, அந்நாட்டுப் பெண்கள் கார் ஓட்டும் உரிமையைப் பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது.

ரோபோவை வடிவமைக்கும்போது, எளிதில் ஏமாறக்கூடியவர்களைச் சுரண்டும் வகையில் அதன் தோற்றத்தை அமைக்கக் கூடாது, அது இயந்திரம் என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்று பிரிட்டனின் ஆய்வாளர் குழு ஒன்று 2010இலேயே நெறிமுறை வகுத்தது. பேசுவது இயந்திரம் என்றால் மக்களுக்கு அதைத் தெரிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் சொல்கிறது. இந்தியாவில் மனித உருவ ரோபோக்களுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. அப்படி ஒன்று வரும்போது அதில் மூன்று விதிகளாவது இருக்க வேண்டும் என்று கோருகிறேன். வீட்டுக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வரும் எந்த ரோபோவும் சில அடி தொலைவிலேயே இயந்திரம் என்று புலப்பட வேண்டும். தொலைவிலிருந்து ஒருவர் அதன் கண் வழியாகப் பார்க்கும் ஒவ்வொரு கணமும், கண் மங்கிய முதியவருக்கும் தெரியும்படி அதன் உடலில் விளக்கு எரிய வேண்டும். அதை அணைக்கும் வசதி நிறுவனத்திடம் இருக்கக் கூடாது. யாருடைய கைகளைப் பார்த்து அது வேலை கற்றதோ, அந்தத் தொழிலாளர்கள் எந்த ஊரில், என்ன கூலிக்கு உழைத்தார்கள் என்பதை அதை விற்பவர் எழுத்தில் வெளியிட வேண்டும்.