குடியை மன்னிப்பார்கள், மறைத்ததை மன்னிக்க மாட்டார்கள்

அமெரிக்க அரசின் இரகசியக் கோப்புகளைக் கையாளும் வேலைக்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ் என்னும் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்கு எஸ்எஃப்-86 என்னும் நீண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். குடியுரிமை பெற்ற நம்மவர் பிள்ளைகளும் இப்போது இவ்வேலைகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். கல்லூரிக் காலத்தில் குடித்துவிட்டு கார் ஓட்டிப் பிடிபட்ட பிள்ளைக்கு வீட்டுப் பெரியவர்கள் "பழைய கதையெல்லாம் எதற்கு, எழுதாதே" என்று சொல்லக்கூடும். பிள்ளையின் வேலைக்கு உலை வைக்க இந்த ஓர் அறிவுரை போதும்.

2017 ஜூன் முதல் நடப்பிலிருக்கும் விதிகள் 13 தலைப்புகளில் விண்ணப்பதாரரை எடைபோடுகின்றன. மதுப்பழக்கம் ஒரு தலைப்பு. பொய்யும் மறைப்பும் தனிநபர் நடத்தை என்னும் வேறொரு தலைப்பின்கீழ் வருகின்றன. குடித்தவர் மீள்வதற்கு விதியிலேயே வழி இருக்கிறது: சம்பவம் நடந்து நெடுநாள் ஆகியிருந்தாலோ, சிகிச்சையை முடித்து, சொல்லப்பட்டபடி குடியை நிறுத்தியோ குறைத்தோ இருந்தாலோ, அது அவருக்குச் சாதகமாகவே கொள்ளப்படும். ஆனால் "இப்போது நான் குடிப்பதில்லை" என்பதற்குப் பெரும்பாலும் அவர் வாய்ச்சொல்தான் சாட்சி. படிவத்தில் பொய் சொல்லி அகப்பட்டவரின் அந்தச் சொல்லை எந்த நீதிபதி நம்புவார்? விசாரணை அதிகாரி ஆதாரத்தை எடுத்துக் காட்டுவதற்கு முன்பே தாமாகத் திருத்திச் சொன்னவருக்கு விதி இடம் தருகிறது. காட்டிய பிறகு தலையாட்டுபவருக்கு அந்தச் சலுகை இல்லை.

பலர் இடறி விழும் இடம் படிவத்தின் காவல்துறைப் பதிவுப் பகுதி. அங்கே பல கேள்விகள் கடந்த 7 ஆண்டுகளை மட்டுமே கேட்கின்றன. மது, போதைப்பொருள் தொடர்பான குற்றச்சாட்டு "எப்போதாவது" உண்டா என்ற கேள்விக்கோ கால வரம்பே கிடையாது. தள்ளுபடியான வழக்கையும், நீதிமன்றம் பதிவிலிருந்து நீக்கிய வழக்கையும்கூட எழுதத்தான் வேண்டும். வழக்கறிஞர் "எல்லாம் முடிந்துவிட்டது" என்று சொன்னதை நம்பி "இல்லை" எனக் குறித்தவருக்கும், தெரிந்தே மறைத்தவருக்கும் விதி வேறுபாடு பார்க்கிறது. இருந்தாலும் அறியாமல் விட்டதை நம்பவைக்கும் பாடு விண்ணப்பதாரருடையது. தெரிந்தே பொய் சொல்வது 5 ஆண்டு வரை சிறைக்குரிய கூட்டாட்சிக் குற்றமும் ஆகும்.

இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 1988ஆம் ஆண்டு ஈகன் வழக்கிலேயே குடியும் மறைப்பும் சேர்ந்து வருகின்றன. ட்ரைடெண்ட் என்னும் அணு ஏவுகணை நீர்மூழ்கிக் கப்பல்களைப் பராமரிக்கும் பிரெமர்டன் தளத்தில் தொழிலாளராக இருந்த ஈகனுக்கு, பழைய தண்டனைகளையும், விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்ட இரு துப்பாக்கி வழக்குகளையும், முன்பு குடிப்பிரச்சினை இருந்ததாக அவரே சொன்னதையும் காட்டிக் கடற்படை கிளியரன்ஸை மறுத்தது, வேலையும் போனது. அந்த மறுப்பின் நியாயத்தை அரசு ஊழியர்களின் மேல்முறையீட்டு வாரியம் ஆராய முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை அல்ல என்றானது.

இவ்வளவு கறாரான அமைப்புதான் சோவியத்துக்கு உளவு சொன்ன சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸைக் கோட்டை விட்டது என்பதும் உண்மை. அவர் அளவுமீறிக் குடிப்பது சக ஊழியர்களுக்குத் தெரியும், 1986லும் 1991லும் பாலிகிராஃப் என்னும் பொய்யறியும் சோதனையில் தேறினார், 1994இல்தான் கைதானார். உள்ளே இருப்பவரிடம் காட்டிய தாராளத்தை வெளியிலிருந்து வரும் இளைஞரிடம் காட்டுவதில்லை என்ற கசப்பு எனக்கு உண்டு. ஆனால் அந்தக் கசப்பை நம்பி யாரும் படிவத்தை நிரப்பக் கூடாது. பழைய வழக்கு இருப்பவர்கள் முதலில் நீதிமன்றப் பதிவின் நகலையும் சிகிச்சைச் சான்றையும் வாங்கி, தேதிகளைச் சரிபார்த்து, அதன் பிறகு கையெழுத்திடட்டும்.