“யார் இயங்குதளம் எழுதப் போகிறீர்கள்?”

அந்தக் கருத்தரங்கப் பேச்சின் வீடியோ துணுக்கை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள். “உயர்நிலை இயங்குதளப் பாடத்தை இன்னும் எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? உங்களில் யார் இயங்குதளம் எழுதப் போகிறீர்கள்?” என்று பேச்சாளர் கேட்டதும் அரங்கமே கைதட்டியது. இரண்டு நாளாக அந்தக் கைதட்டல் காதை விட்டுப் போகவில்லை.

சரி, லினக்ஸ், விண்டோஸ் மாதிரி ஓர் இயங்குதளத்தை யாரும் எழுதப் போவதில்லை. நாங்கள் அதற்காகப் படிக்கவே இல்லையே! ஒரே பொருளுக்குப் பல வேலைகள் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்ளும்போது எது உடையும், ஏன் உடையும், எப்படித் தடுப்பது? படித்தது இதைத்தான்.

முதுகலையில், பாடத்துக்கென்றே எழுதப்பட்ட சிறிய இயங்குதளமான எக்ஸ்வி6-இன் கெர்னலில், அதாவது மையப் பகுதியில், ஃபோர்க்கை மாற்றி எழுதச் சொன்னார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலிலிருந்து (ப்ராசஸ்) அதன் நகலாக இன்னொன்றை உருவாக்குவதுதான் ஃபோர்க். தாய் ப்ராசஸின் நினைவகப் பக்கங்களை உடனே நகலெடுக்கக் கூடாது. தாயும் சேயும் பகிர்ந்துகொள்ள வேண்டும், யாராவது எழுத முனையும்போதுதான் நகல். கேட்க எளிது. என்னுடையதில் கட்டளைகளை வாங்கும் ஷெல் வரும், ஒரு கட்டளை ஓடும், அடுத்ததில் விழுந்துவிடும். மூன்று இரவுகள் போயின. கடைசியில் நினைவகத்தை அப்படியே அச்சிட்டுப் பார்த்தேன். பக்கம் முழுக்க 01 01 01 01. விடுவித்த பக்கத்தை எக்ஸ்வி6 இப்படித்தான் ஒன்றுகளால் நிரப்பும். சேய் முடிந்துபோகும்போது, தாய் இன்னும் வைத்திருந்த பக்கத்தையும் சேர்த்து விடுவித்திருக்கிறது. ஒரு பக்கத்தை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று நான் எண்ணவே இல்லை. இன்று வேலையில் எந்த நிரலைத் திறந்தாலும், இது யாருடையது, கடைசியாக விடுவது யார் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

“எல்லாம் பழைய கோட்பாடு” என்பார்கள். 2023-இல் வந்த லினக்ஸ் 6.6-இல், எந்தப் பணி எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரை மாற்றினார்களே, அந்த முறை 1995-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை ஒன்றிலிருந்து வந்தது. 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது எதனால்? முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய ஒரு லாக்கைப் பிடித்திருந்தது. உயர்ந்த பணி அதற்காகக் காத்திருந்தது. நடுத்தரப் பணி புகுந்து, குறைந்ததை ஓடவிடாமல் செய்தது. லாக் வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாக முன்னுரிமையை ஏற்றிக் கொடுக்கும் ஏற்பாட்டைப் பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள். அந்த ஏற்பாடும் அதற்கு முன்பே கட்டுரைகளில் அலசப்பட்டதுதான்.

“செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிவிடும்” என்பீர்கள். எழுதட்டும். ஆயிரத்தில் ஒருமுறை மட்டும் விழும் நிரலைச் சரியென்று கையெழுத்திடுவது யார்? பல இடங்களில் இதை மனப்பாடப் பாடமாக்கிவிட்டார்கள் என்பது உண்மை, மறுக்கவில்லை. அப்படியென்றால் ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்கள் என்று கேளுங்கள். பாடத்தையே தூக்கு என்பது என்ன நியாயம்?

இன்னொன்று. துணுக்கின் முன்வரிசையில் எங்கள் பேராசிரியை இருக்கிறார். மூன்றாம் இரவு ஆய்வகத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, விடையைச் சொல்லாமல், “விடுவிப்பது யாரென்று பாரப்பா” என்று மட்டும் சொன்னவர். கைதட்டல் எழுந்ததும் குறிப்பேட்டை மெல்ல மூடி மடியில் வைத்துக்கொள்கிறார். எனக்கு அனுப்பிய பதினொரு பேரில் ஆறு பேர் அவரிடம் படித்தவர்கள்.

அவரை அங்கே உட்கார வைத்துக்கொண்டா கைதட்டினீர்கள்?