அந்த இரண்டாவது வாக்குச்சீட்டு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத் தேர்தல் முடிந்த சனிக்கிழமை காலை. ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற அறை. ஐந்தாம் மாடியில் இருக்கிற அக்கா, எழுபது வயது தாண்டியவர், மெஷினுக்குக் காசு போட்டுவிட்டு என்னிடம் கேட்டார். "தம்பி, லிபரலுக்கு 30 வீதமாம், 14 சீற்றாம். என்டிபிக்கு 19 வீதம் கூட வரேல்லையாம், ஆனா 27 சீற்றாம். உதென்ன கணக்கு? ரீவியில மாறிச் சொல்லிப்போட்டாங்களோ?"

மாறிச் சொல்லவில்லை. 2025 பெப்ரவரி 27 தேர்தலின் உண்மையான முடிவு அதுதான். டக் ஃபோர்டின் கொன்சர்வேட்டிவ் கட்சிக்கு 43 சதவீத வாக்கு, 124 ஆசனங்களில் 80. வாக்கில் இரண்டாவதாக வந்த லிபரல் ஆசனத்தில் மூன்றாவது. அதன் தலைவர் பொனி குரொம்பி தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். எதிர்க்கட்சி வரிசை என்டிபி எனும் புதிய ஜனநாயகக் கட்சிக்குப் போனது. வாக்களிக்கப் போனவர்களோ 100 பேரில் 45 பேர் அளவுதான்.

அறையில் நின்ற மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். லிபரல் தலைவி சரியில்லை என்றார் ஒருவர். குளிருக்குள் தேர்தல் வைத்தால் யார் போவார்கள் என்றார் இன்னொருவர். "நாங்கள் போட்டு என்ன மாறப்போகுது, நான் போகவே இல்லை" என்றது ஓர் இளம் பிள்ளை. எல்லாரும் ஆட்களைப் பற்றியே பேசினார்கள். வாக்கு எப்படி ஆசனமாகிறது என்ற கேள்வி அந்த அக்காவுக்கு மட்டும்தான் வந்தது.

நான் அவருக்குச் சொன்னேன்: இது ஒரு தேர்தல் இல்லை, 124 தனித்தனித் தேர்தல். ஒவ்வொரு தொகுதியிலும் முதலாவதாக வருபவருக்கு ஆசனம், அவருக்குப் பாதி வாக்குக்கூடத் தேவையில்லை. இரண்டாவதாக வந்தவரின் வாக்கு அந்தத் தொகுதியோடு முடிந்துவிடும். லிபரலின் வாக்கு மாகாணம் முழுவதும் பரவிக் கிடந்தது, நிறைய இடத்தில் இரண்டாவதாக வந்தார்கள். என்டிபியின் வாக்கு சில தொகுதிகளில் குவிந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்ப இதை மாத்தேலாதோ?"

"ஒருக்கால் எங்களிட்டக் கேட்டவை அக்கா. 2007இல. நீங்களும் போட்டிருப்பியள்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஓ... ரெண்டு சீட்டுத் தந்தவை. ரெண்டாவது என்னத்துக்கெண்டு எனக்கு விளங்கேல்லை. முதலாவதா இருந்ததுக்குப் புள்ளடி போட்டிட்டு வந்தனான்."

அந்த வாக்கியம் அன்றிலிருந்து என் மனதை விட்டுப் போகவில்லை. முதலாவதாக அச்சிட்டிருந்தது இப்போதுள்ள முறை.

2007 அக்டோபர் 10. மாகாணத் தேர்தலும் சர்வசன வாக்கெடுப்பும் ஒரே நாளில். இருக்கிற தேர்தல் முறையே தொடரட்டுமா, அல்லது மக்கள் பேரவை முன்வைத்த கலப்பு விகிதாசார முறைக்கு மாறுவோமா என்பது கேள்வி. அந்தப் பேரவையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

அன்றைக்கு 103 தொகுதிகள். வாக்காளர் பட்டியலில் இருந்து, தொகுதிக்கு ஒருவராக, குலுக்கல் முறையில் 103 சாதாரண மனிதர்களை எடுத்தார்கள். ஆணும் பெண்ணும் கிட்டத்தட்டச் சரிபாதி. அவர்கள் 2006 செப்டெம்பரில் தொடங்கி எட்டு மாதம், வார இறுதிகளில் கூடி, உலகத்தில் என்னென்ன தேர்தல் முறைகள் இருக்கின்றன என்று படித்தார்கள். மக்களைச் சந்தித்துக் கருத்துக் கேட்டார்கள், தங்களுக்குள் விவாதித்தார்கள். கடைசியில் வாக்கெடுத்தபோது 94 பேர் புதிய முறையை மக்களுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்றார்கள், 8 பேர் மட்டுமே வேண்டாம் என்றார்கள்.

அவர்கள் சொன்ன முறை சிக்கலானது இல்லை. ஒரு வாக்காளருக்கு இரண்டு வாக்கு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு. 129 பேர் கொண்ட சபையில் 90 பேர் தொகுதியில் இருந்து வருவார்கள். கட்சிப் பட்டியல்களில் இருந்து நிரப்பும் மீதி 39 இடங்களைக் கொண்டு, கட்சிகளுக்கு விழுந்த வாக்குக்கும் கிடைத்த ஆசனத்துக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்வார்கள். ஜெர்மனியில் இதே மாதிரியான முறை 1949இல் இருந்து நடக்கிறது. நியூசிலாந்து 1993இல் சர்வசன வாக்கெடுப்பு வைத்து, ஏறத்தாழ 54 சதவீத ஆதரவோடு இதற்கு மாறியது.

சரி, இங்கே என்ன நடந்தது? அந்தத் தேர்தல் முழுவதையும் ஒரே ஒரு விஷயம் விழுங்கிவிட்டது. கொன்சர்வேட்டிவ் தலைவர் ஜோன் டோரி, கத்தோலிக்கப் பாடசாலைகளுக்குக் கிடைப்பது போல மற்ற மதப் பாடசாலைகளுக்கும் அரச பணம் கொடுப்போம் என்றார். அதைப் பற்றித்தான் தொலைக்காட்சியில் பேச்சு, தேநீர்க் கடையில் பேச்சு, கோயில் வாசலிலும் பேச்சு. மாகாணத்தின் தேர்தல் முறையே மாறலாம் என்ற கேள்வி அந்தச் சத்தத்துக்குள் காணாமல் போனது. வாக்கெடுப்பைக் கொண்டுவந்த லிபரல் அரசு அதற்காக வாதாட முன்வரவில்லை. அதிகாரபூர்வ விளம்பரங்கள் நடுநிலையாக இருக்க வேண்டும் என்ற விதியால், "வாக்கெடுப்பு இருக்கிறது, அறிந்துகொள்ளுங்கள்" என்ற அளவிலேயே நின்றன.

2007 தேர்தலில் தொகுதிகள் 107 ஆகியிருந்தன. காதில் விழுந்த ஒரே எதிர்வாதம், "107 அரசியல்வாதிகள் போதாதென்று இன்னும் 22 பேரா?" என்பது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் முந்தைய முதல்வர் மைக் ஹரிஸின் அரசு 1999 தேர்தலுக்கு முன் குறைக்கும் வரை இதே சபையில் 130 பேர் இருந்தார்கள். பேரவை கேட்டது அதைவிட ஒன்று குறைவு. இதை அன்றைக்கு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மாற்றத்துக்கு 36.9 சதவீதம், பழைய முறைக்கு 63.1. மாற்றம் வெல்ல 60 சதவீத வாக்கும் 64 தொகுதிகளில் பெரும்பான்மையும் தேவை என்று விதி வைத்திருந்தார்கள். பெரும்பான்மை கிடைத்தது 107இல் 5 தொகுதிகளில் மட்டும். அந்த 60 சதவீத விதி அநியாயம் என்று பலர் எழுதுகிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2005இல் 57.7 சதவீதம் பேர் ஆதரித்தும் மாற்றம் வராமல் போனதே, அங்கே அது அநியாயம்தான். ஒன்ராறியோவில் அப்படிச் சொல்ல முடியாது. இங்கே பாதி என்று விதி இருந்திருந்தாலும் தோற்றிருக்கும்.

நான் சொல்ல வருவது வேறு. எட்டு மாதம் படித்த 103 பேரும் எங்களைப் போன்றவர்கள்தான். குலுக்கலில் வந்தவர்கள், கட்சிக்காரர்கள் இல்லை. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஒரு பக்கம் போனார்கள். படிக்கச் சந்தர்ப்பம் கிடைக்காத நாங்கள் பெரும்பாலும் மற்றப் பக்கம் போனோம். அந்த வித்தியாசத்தை "மக்கள் நிராகரித்துவிட்டார்கள்" என்று சொல்லி மூடிவைத்து இத்தனை வருடமாகிவிட்டது. விளங்காத ஒன்றுக்கு "வேண்டாம், இருப்பதே இருக்கட்டும்" என்று சொல்வது மூடத்தனம் இல்லை, அது யாருக்கும் வருகிற இயல்பான பதில். ஆனால் அதைத் தீர்ப்பு என்று எடுக்கக்கூடாது.

என்னுடைய பங்கையும் சொல்ல வேண்டும். நான் அன்று மாற்றத்துக்குத்தான் போட்டேன். ஆனால் வாசலில் முன்னால் நின்ற ஒரு முதியவர், "தம்பி, உந்த ரெண்டாவது என்ன?" என்று கேட்டபோது, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று "விருப்பமானதைப் போடுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டேன். எனக்கு அது என்னவென்று தெரியும். எங்கள் ஊரில் நான் வளர்ந்ததே அந்த வித்தியாசத்துக்குள்தான்.

1977 இலங்கைப் பொதுத்தேர்தலின்போது எனக்குப் பத்து வயது. அப்பா றேடியோவுக்குப் பக்கத்தில் கொப்பியும் பென்சிலுமாக விடிய விடிய முடிவுகளை எழுதிக்கொண்டிருந்தார். ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஏறத்தாழ 51 சதவீத வாக்கு, 168 ஆசனங்களில் 140. சுதந்திரக் கட்சிக்கு கிட்டத்தட்ட 30 சதவீத வாக்கு, 8 ஆசனம். எட்டு! வடக்கிலும் கிழக்கிலும் வாக்குக் குவிந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனம் கிடைத்து, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். எங்கள் ஒழுங்கையில் அன்று அதைக் கொண்டாடினார்கள். அந்த முறை அன்று எங்களுக்குச் சாதகமாகத்தான் வேலை செய்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் பாதி வாக்குக்கு ஆறில் ஐந்து பங்கு ஆசனத்தை ஒரு கட்சிக்குக் கொடுத்ததும் அதே முறைதான். அந்தப் பலத்தைக் கொண்டுதான் 1978 அரசியலமைப்பு வந்தது. அந்தப் பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமல் நீட்டுவதற்கான 1982 சர்வசன வாக்கெடுப்புக்கும் அதே பலம்தான் வழி திறந்தது. எங்கள் 18 பேரால் எதையும் தடுக்க முடியவில்லை.

இங்கே விகிதாசாரம் என்று வாயெடுத்தாலே எங்கள் ஆட்கள் சிலர், "அந்த முறை வந்துதான் இலங்கை நாசமாகினது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. விருப்பு வாக்குக்காக, அதாவது கட்சிப் பட்டியலுக்குள் யார் வேண்டும் என்று போடுகிற வாக்குக்காக, ஒரே கட்சி வேட்பாளர்கள் தங்களுக்குள் அடிபட்டதை எல்லாரும் பார்த்தோம், மாவட்டம் முழுவதும் சுவரொட்டி ஒட்டக் காசுள்ளவனே வென்றதையும் பார்த்தோம். ஆனால் ஒன்ராறியோவில் முன்வைத்ததில் விருப்பு வாக்கு கிடையாது. தொகுதிக்கென்று ஒரு உறுப்பினர் தொடர்ந்து இருப்பார். கட்சி தன் பட்டியலையும் அதை எப்படித் தயாரித்தது என்பதையும் தேர்தலுக்கு முன்பே வெளியிட வேண்டும். இரண்டும் வேறு வேறு.

அப்புறம் 2015இல், கனடா முழுவதற்குமான தேர்தலில், ஜஸ்டின் ட்ரூடோ, இந்த முறையில் நடக்கிற கடைசித் தேர்தல் இதுவே என்று வாக்குறுதி கொடுத்தார். 2017இல் கைவிட்டார். அதைப் பற்றி எழுத மனமில்லை.

அந்தச் சனிக்கிழமை அக்காவுக்கு ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினேன். இரண்டு வாக்கு, 90, 39. உடுப்புக் காயும் நேரத்துக்குள் அவருக்கு விளங்கிவிட்டது. "அப்ப நான் போடுற கட்சி வாக்கு எங்க இருந்து போட்டாலும் எண்ணுப்படும், அதுதானே?" என்று அவரே சொன்னார். பக்கத்தில் நின்ற அந்த இளம் பிள்ளையும் உறையை வாங்கிப் பார்த்தது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த மாகாணத் தேர்தலுக்கு எந்தக் கட்சிக்காரர் எங்கள் கதவைத் தட்டினாலும் நான் ஒரு கேள்விதான் கேட்கப்போகிறேன்: இன்னொரு மக்கள் பேரவை கூட்டுவீர்களா, அவர்கள் படித்ததை எங்களுக்கும் படிப்பிக்கக் காசும் காலமும் ஒதுக்குவீர்களா? அதற்குப் பிறகும் மக்கள் பழையதே போதும் என்றால் நான் ஏற்றுக்கொள்வேன்.

2007இல் இங்கே வாக்களித்த ஆட்கள் இதை வாசித்தால், அந்த இரண்டாவது சீட்டில் எதற்குப் புள்ளடி போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று எழுதுங்கள். ஞாபகம் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள்.