டெமோ பேஜ பாத்து முடிவு பண்ணாதீங்க

நேத்து மீட்டிங்ல டிராப்டவுனுக்கு (அமுக்கினா லிஸ்ட் தெறக்கற பெட்டி) எந்த லைப்ரரி, அதாவது வேற யாரோ எழுதி வச்ச ரெடிமேட் கோடு, எடுக்கறதுன்னு பேசினப்ப ஏன் அவ்ளோ கோவப்பட்டேன்னு இன்பாக்ஸ்ல ஆளாளுக்கு கேக்குறீங்க. நாலு லைப்ரரிய எடுத்து ரெண்டு நாள் உக்காந்து டெஸ்ட் பண்ணி ஷீட் போட்டு அனுப்பினேன், மீட்டிங்ல அத யாரும் தெறக்கக்கூட இல்ல, "கிட்ஹப்ல இதுக்குதான் ஸ்டார் அதிகம், டெமோவும் சூப்பரா இருக்கு"ன்னு ரெண்டே நிமிஷத்துல முடிச்சிட்டாங்க. ஸ்டார பாத்து கம்போனென்ட் (டிராப்டவுன் மாதிரி ரெடிமேட் பாகம்) எடுக்காதீங்க. ஸ்டாருங்கறது கோடு பகிர்ற கிட்ஹப் சைட்ல யாரோ எப்பவோ பண்ண ஒரு கிளிக், அவ்ளோதான்.

டெமோல, அதாவது லைப்ரரிக்காரங்க மாதிரிக்கு காட்டுற பேஜ்ல, பெரும்பாலும் இங்கிலீஷ் பேருதான் இருக்கும். நம்ம பேர போட்டுப் பாருங்க. மீனாட்சின்னு குடுத்தா பேருக்குப் பக்கத்துல முதல் எழுத்து காட்டுற வட்டத்துல 'மீ' வராம 'ம' மட்டும் வந்து நிக்குது, கோபாலுக்கு 'க'. பிரவுசர்ல ஓடுற மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கு ம தனி, மேல இருக்க சுழி தனி; மீனாட்சி நமக்கு 4 எழுத்து, அதுக்கு லெங்த் 8. லைன் ஹைட்ட (வரியோட உயரம்) இறுக்கி ஓவர்ஃப்ளோ ஹிடன்னு (வெளிய நீட்டுறத மறைக்கற செட்டிங்) வச்சிருக்கறதால சுழி பாதி வெட்டுப்பட்டு கி எது கீ எதுன்னே தெரியல.

"இதெல்லாம் டெஸ்ட் பண்ண டைம் இல்ல"ம்பீங்க. மவுஸ கழட்டி வச்சிட்டு டேப், ஆரோ, என்டர், எஸ்கேப் அமுக்கிப் பாக்க பத்து நிமிஷம் ஆகுமா? "பெரிய கம்பெனி பண்ணது, நிக்கும்"ம்பீங்க. வெப்சைட் கட்ட உதவுற ஆங்குலர்ஜேஎஸ் கூகுள் பண்ணதுதான், 2021 டிசம்பரோட சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க, அதுல இருந்த ஸ்கிரீன எல்லாம் மாத்தி எழுத நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். "அப்ப எல்லாத்தையும் நீயே எழுது"ன்னு ஒருத்தர் சொன்னாரு, அதுதான் ரொம்ப வலிச்சுது. நான் எப்பங்க அப்படி சொன்னேன்? டிராப்டவுனுக்கான செலக்ட் டேக் (HTML குறி) பிரவுசர்லயே இருக்கு. பாப்அப் பெட்டிக்கான டயலாக் டேக் 2022 மார்ச்லருந்து குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூணுலயும் ஓடுது. முதல்ல அத பாருங்க, பத்தலன்னா லைப்ரரிக்கு போங்கன்னுதான் சொல்றேன்.

எங்க சித்தப்பாவுக்கு சுகர்ல கண்ணு போயி ஆறு வருஷம் ஆச்சு. போன்ல டாக்பேக், அதாவது ஸ்கிரீன்ல இருக்கறத வாசிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடர், போட்டு எல்லா வேலையும் அவரே பாத்துக்குவாரு. போன மாசம் ஒரு ஃபார்ம்ல மாவட்டம் செலக்ட் பண்ணணும், வெறும் டிவ்வா (அர்த்தம் எதுவும் சொல்லாத காலி டேக்) அடுக்கி டிராப்டவுன் மாதிரி செஞ்சு வச்சிருக்காங்க, விரல வச்சா லேபிளும் சொல்லல, தெறந்துச்சா மூடுச்சான்னும் சொல்லல. அரை மணி நேரம் தடவிப் பாத்துட்டு என்கிட்ட போன நீட்டி, "நீயே போட்டுடுப்பா, எனக்குத்தான் தெரியல போலருக்கு"ன்னாரு. அவருக்குத் தெரியாம இல்லங்க. அத தேர்ந்தெடுத்தவங்க ஒரு தடவகூட கண்ண மூடிட்டு அமுக்கிப் பாக்கல.

என் ஷீட்ல ஸ்கிரீன் ரீடர்னு ஒரு காலம் (column) இருக்கு. நேத்து நீங்க ஓகே பண்ண லைப்ரரிக்கு நேரா அதுல சிவப்புல ஃபெயில்னு போட்டிருக்கேன். லிங்க் இன்னும் குரூப்லதான் கெடக்கு, இப்பவாவது தெறந்து பாருங்க.