தேதியைக் கேட்டால் தேதியைச் சொல்லுங்கள்

காலை மீட்டிங் முடிந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய தேதியைப் பற்றி நான் கேட்டது இவ்வளவுதான்: "சார், மெயில்ல 14ஆம் தேதின்னு இருக்கு, ஷீட்ல 11ன்னு இருக்கு. எதை வச்சுக்கறது?"

இரண்டில் ஒன்று. பதினொன்றா, பதினான்கா. சொல்ல ஒரு நொடி போதும். மேலாளர் என்ன செய்தார் தெரியுமா? கையிலிருந்த பேனாவை மூடினார். மூடியை 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினார். நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அடம்பிடிக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அப்புறம் சொன்னார்: "நீங்க இப்ப சைல்ட்ல இருந்து பேசறீங்க. கொஞ்சம் அடல்ட்டுக்கு வாங்க, அப்புறம் பேசலாம்."

ஒன்பது பேர் இருந்த அறை. என் பக்கத்தில் இருந்தவர் லேப்டாப் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எதிரில் இருந்தவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அவர்களுக்கும் அதே மெயில்தான் வந்தது, அதே ஷீட்தான் திறந்திருந்தது. தேதி அவர்களுக்கும் தெரியாது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

நான் விடவில்லை. "சார், தேதி மட்டும் சொல்லுங்க, போதும்" என்றேன். "பாருங்க, குரல் உயருது. இது ரெபெலியஸ் சைல்ட்" என்றார், அதாவது எதிர்த்து நிற்கும் குழந்தை. சரி என்று வாயை மூடிக்கொண்டேன். "இப்ப உம்முன்னு ஆயிட்டீங்க பாருங்க, இது அடாப்டட் சைல்ட்" என்றார், அதாவது அடங்கிப்போகும் குழந்தை. பேசினாலும் குழந்தை, பேசாவிட்டாலும் குழந்தை. எழுந்து வெளியே போயிருந்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார். குரல் உயருதாம்! ஒரே கேள்வியை இரண்டாவது முறை கேட்கும்போது யாருக்குத்தான் குரல் உயராது?

எல்லாம் இரண்டு வாரத்துக்கு முன்னால் நடந்த அரைநாள் பயிற்சியால் வந்த வினை. டிரான்ஸாக்‌ஷனல் அனாலிசிஸ், அதாவது இருவர் பேசும்போது ஒவ்வொருவரும் மனதின் எந்த நிலையிலிருந்து பேசுகிறார் என்று பார்க்கும் உளவியல் முறை. பயிற்சி கொடுக்க வந்தவர் போர்டில் மூன்று வட்டங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக வரைந்தார். மேலே பேரன்ட் (பெற்றோரைப்போல் பேசும் நிலை), நடுவில் அடல்ட் (நடப்பதைப் பார்த்து யோசிக்கும் நிலை), கீழே சைல்ட் (சின்ன வயதில் இருந்ததுபோல் உணரும் நிலை). பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இன்னும் மூன்று வட்டம். நடுவில் போகவர அம்புக்குறிகள். உங்கள் அலுவலகத்திலும் இது நடந்திருக்கும். அன்று மதியத்திலிருந்து எங்கள் மாடியில் எல்லாரும் மருத்துவர்கள், எதிரில் வருகிறவர் எல்லாரும் நோயாளிகள்.

எனக்கு இந்த முறைமேல் துளிக்கூடக் கோபம் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போய் இரவெல்லாம் தேடித்தேடிப் படித்தேன். அதனால்தான் இவ்வளவு கொதிக்கிறது. இந்த முறையை உருவாக்கிய எரிக் பெர்ன் 1910இல் கனடாவின் மாண்ட்ரியலில் பிறந்தவர், மனநல மருத்துவர். கலிஃபோர்னியாவில் வேலை செய்தபோது 1950களில் இதை உருவாக்கினார். அந்தக் காலத்து மனநல மருத்துவத்தில் பெரிய பெரிய சொற்கள் மருத்துவர் பக்கமே இருக்கும், நோயாளிக்கு ஒன்றும் விளங்காது. பெர்ன் வேண்டுமென்றேதான் பேரன்ட், அடல்ட், சைல்ட் என்று யாருக்கும் புரிகிற வார்த்தைகளை வைத்தார். சிகிச்சைக்கு வந்தவரும் அதே படத்தைப் பார்த்து, அதே வார்த்தைகளில், மருத்துவரோடு சரிக்குச் சமமாகப் பேச வேண்டும் என்று நினைத்தார். அந்த வார்த்தைகளையே எடுத்து வந்து, பதவியில் கீழே இருப்பவரின் வாயை அடைக்கிறார்கள். இதைப் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

சரி, அவர்களுடைய படத்தையே எடுத்துக்கொள்வோம். 1964இல் வந்த 'கேம்ஸ் பீப்பிள் ப்ளே' என்ற புத்தகத்தில் பெர்ன் ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார். ஒருவர், தன் சட்டைக் கையில் மாட்டும் கஃப்லிங்க் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். மேஜைமேல் இருக்கிறது என்று பதில் வந்தால் கேள்வியும் பதிலும் அடல்ட்டுக்கு அடல்ட். அம்புகள் இணையாகப் போகின்றன, பேச்சு ஓடுகிறது. 'உன் சாமானை நீதான் பார்த்து வைக்கணும், நீ என்ன குழந்தையா' என்கிற மாதிரி பதில் வந்தால் அது பேரன்ட்டிலிருந்து சைல்டுக்கு வருகிறது. அம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. அப்போது கஃப்லிங்க் பேச்சு அங்கேயே நின்றுவிடும். முதலில் யாராவது ஒருவர் நிலை மாறி அம்பை நேராக்க வேண்டும்.

என் கதையில் கஃப்லிங்க் இருக்கும் இடத்தில் தேதியை வைத்துப் பாருங்கள். இரண்டு ஆவணங்களில் இரண்டு எண்கள், எது சரி? நடப்பதைப் பார்த்து, தகவலைக் கேட்டு, முடிவெடுக்க முயல்வதைத்தானே அடல்ட் என்று சொல்லிக் கொடுத்தார்கள்? நான் நடு வட்டத்திலிருந்து நடு வட்டத்துக்குத்தான் அம்பு விட்டேன். மேல் வட்டத்திலிருந்து என் கீழ் வட்டத்துக்கு அம்பு விட்டது அவர். பேனா மூடி, சாய்ந்த தலை, அந்தப் புன்னகை எல்லாம் அந்த அம்போடு சேர்ந்து வந்தவை. குறுக்கே வெட்டியவர் அவர், குழந்தைப் பட்டம் எனக்கு. "நீங்க சைல்ட்ல இருக்கீங்க" என்று ஒன்பது பேர் முன்னால் சொல்வதைவிடப் பெரிய பேரன்ட் பேச்சு இருக்கிறதா? பெர்ன் சொன்னபடியே பேச்சு அங்கேயே செத்தது. அதற்குப் பிறகு அந்த மீட்டிங்கில் ஒருவர்கூடத் தேதியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இன்னொன்று. ஒருவர் எந்த நிலையிலிருந்து பேசுகிறார் என்று கண்டுபிடிக்க பெர்ன் நான்கு வழிகளைச் சொன்னார். முதலில் அவருடைய சொல், தொனி, சைகை. அடுத்து, அவரிடம் பேசுகிறவர்களுக்குள் அது என்ன எதிர்வினையைக் கிளப்புகிறது என்பது. மூன்றாவது, சின்ன வயதில் அவர் இப்படி எப்போது இருந்தார், அல்லது அவர் வீட்டில் யார் இப்படிப் பேசினார்கள் என்பது. நான்காவது, அந்தப் பழைய உணர்வை அவரே இப்போது மறுபடி உணர்வது. கடைசி இரண்டையும் அந்த ஆளைக் கேட்காமல் தெரிந்துகொள்ளவே முடியாது. எங்கள் மீட்டிங்கில் இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் எடுத்தார்கள்? மூன்று நொடி. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் அந்த நேரத்தில் எதை உணர்ந்தேன் என்று எனக்குத் தெரியும்: 11 என்றால் வேலை முடியாதே என்கிற கவலை. ஒரு பெரிய மனுஷருக்கு வரவேண்டிய கவலை அது.

சைல்ட் என்பதைத் திட்டாக்கியதும் மன்னிக்க முடியாதது. ஒருவருடைய ஆளுமையில் அதைத்தான் பல வகையில் மிக மதிப்புள்ள பகுதி என்று பெர்ன் கருதினார். ஆர்வம், கற்பனை, சிரிப்பு, சட்டென்று உள்ளுக்குள் பட்டுத் தெரிவது எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. புதிதாக ஏதாவது யோசியுங்கள் என்று எங்களைக் கேட்கும் அதே வாய்தான், "சைல்ட்" என்று முகத்தைச் சுளிக்கிறது.

மதியம் இதைப் பற்றி மனிதவளத் துறையில் ஒருவரிடம் சொல்லப் போனேன். போயிருக்கக் கூடாது. நான் பாதி சொல்வதற்குள், "நீங்க விக்டிம் ரோல் எடுக்கறீங்கன்னு தோணுது" என்றார். விக்டிம்! இந்த வார்த்தை, பெர்னின் மாணவர் ஸ்டீஃபன் கார்ப்மன் சொன்ன 'டிராமா முக்கோணம்' என்பதிலிருந்து வந்தது. 1968இல் அதை எழுதியபோது அவர் தேவதைக் கதைகளை வைத்து விளக்கினார். துன்புறுத்துகிறவர், காப்பாற்றுகிறவர், பாதிக்கப்பட்டவர் என்று மூன்று வேடங்கள். கதை போகப்போக ஆட்கள் வேடத்தை மாற்றிக்கொள்வார்கள், நாடகமே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. அந்த மூன்றாவது வேடத்தை, செய்யக்கூடியதைக்கூடச் செய்யாமல் கைவிரித்து நிற்கிற ஆளுக்குத்தான் சொன்னார்கள். உண்மையாகவே அடிபட்டு வந்து முறையிடுகிறவரைச் சொல்லவில்லை. நான் தேதி கேட்டேன், பதில் வராததால் முறையிடப் போனேன். செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்துவிட்டேனே, இன்னும் என்ன செய்ய?

அங்கேயும் விடவில்லை. "அவருக்கே தனியா ஒரு மெயில் போட்டுக் கேளுங்களேன்" என்றார். "ஏற்கெனவே இரண்டு மெயில் போட்டேன், பதில் இல்லை" என்றேன். "போன்ல கேளுங்க." "எடுக்கறதில்லை, மேடம். அதனாலதான் மீட்டிங்ல கேட்டேன்." உடனே அவர் முகம் மலர்ந்தது. "பாருங்க, இதுதான் 'யெஸ் பட்' கேம்!"

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கேம் என்றால், வெளியே ஒன்றைப் பேசி உள்ளே வேறொன்றைக் குறிவைத்துத் திரும்பத் திரும்ப நடக்கும் பேச்சு. 'அப்படிச் செய்யேன்', 'ஆமாம், ஆனால்...' என்கிற அந்த விளையாட்டைத்தான் பெர்ன் முதன்முதலில் பிரித்துப் பார்த்தார். யோசனை சொல்கிறவர்களை எல்லாம் ஒவ்வொருவராகத் தோற்கடிப்பதுதான் அதில் உள்ளே ஓடும் ஆசை. நான் யாரையும் தோற்கடிக்கப் போகவில்லை. இரண்டு மெயில் போட்டது நடந்த விஷயம். அனுப்பிய நேரத்தோடு இன்பாக்ஸில் இருக்கிறது. நடந்ததைச் சொன்னால் கேம், சொல்லாவிட்டால் ஒத்துழைக்கவில்லை என்பார்கள்.

பயிற்சியில் 'ஸ்ட்ரோக்' என்று ஒன்று சொன்னார்கள், அது மட்டும் எனக்கு மனதில் அப்படியே நிற்கிறது. ஒரு மனிதர் இன்னொருவரைப் பார்த்து 'நீ இங்கே இருக்கிறாய், எனக்குத் தெரிகிறது' என்று காட்டும் ஒவ்வொரு சின்னச் செயலும் ஒரு ஸ்ட்ரோக். ஒரு தலையசைப்பு போதும். காலையில் அவர் என் முகத்தைப் பார்த்து "பதினாலு" என்று சொல்லியிருந்தால் எனக்கு அது நிறைந்திருக்கும்.

இன்று 10ஆம் தேதி. இப்போது இரவு மணி பத்து. எது சரி என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. நாளைக்கே கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று நான்கு நாள் வேலையை ஒரே ராத்திரியில் முடிக்க உட்கார்ந்திருக்கிறேன்.

அப்புறம், அந்தப் பயிற்சி நடந்த அன்று போர்டில் எழுத பர்மனென்ட் மார்க்கரை எடுத்துக் கொடுத்தது யார்? இரண்டு வாரமாக அந்த ஆறு வட்டங்களும் அங்கேயே இருக்கின்றன. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. எங்களுக்கு எழுத இடமே இல்லை. ஸ்பிரிட்டை வைத்து யாராவது அதை முதலில் அழித்துத் தொலையுங்கள். அந்த இடத்தில் தேதியை எழுதிப் போடலாம்.