ஃப்ளோரோகார்பன் தூண்டில் நரம்பு தண்ணீரில் மறைந்துவிடுமா?

“ஃப்ளோரோகார்பன் நரம்பு தண்ணீருக்குள் மீன் கண்ணுக்கு அறவே தெரியாது. தவளை லூர் (தவளை வடிவச் செயற்கை இரை) உட்பட எல்லாவற்றுக்கும் அதையே கட்டுங்கள், இல்லாவிட்டால் பெரிய பாஸ் மீன் சிக்காது” என்று ஒரு செய்தி தூண்டில்காரர்களிடையே சுற்றுகிறது. இது சரியல்ல.

ஒளிவிலகல் எண் என்பது ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு; அது தண்ணீரின் எண்ணை நெருங்க நெருங்க, பொருள் தண்ணீரில் மங்கலாகத் தெரியும். தண்ணீருக்கு அது சுமார் 1.33. ஃப்ளோரோகார்பனுக்கு 1.42, நைலான் நரம்புக்கு 1.5க்கு மேல். ஆகவே நைலானைவிட மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். மறைந்துபோகாது. ஒரு துண்டு நரம்பைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு விரலால் அமுக்கிவிடுங்கள். அது அடியில் போய்ப் படுப்பதையும் பார்க்கலாம், அங்கே கிடப்பதையும் பார்க்கலாம்.

அந்த மூழ்கும் குணம்தான் முக்கியம். ஃப்ளோரோகார்பன் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு அடர்த்தியானது. ஜிக் (எடை கோத்த தூண்டில் முள்), ரப்பர் புழு போன்று அடியில் இழுப்பவற்றுக்கு, அதுவும் தெளிந்த நீரில், அருமையாகப் பொருந்தும். பாப்பர் (நீர்மேல் தெறித்து ஓசை எழுப்பும் லூர்), தவளை போன்ற மேல்மட்ட லூர்களுக்கோ, அவற்றின் மூக்கைக் கீழே இழுத்து ஆட்டத்தையே கெடுத்துவிடும். அங்கே மிதக்கும் பின்னல் நரம்புதான் (பல மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்தது) நல்லது. அல்லி இலைக்கூட்டத்துக்குள் தவளை வீச, தடித்த பின்னல் நரம்பை விட்டால் எனக்கு வேறு தேர்வில்லை.

பெரிய மீன் விஷயம்? ஜார்ஜ் பெரி 22 பவுண்டு 4 அவுன்ஸ் (சுமார் 10 கிலோ) எடையுள்ள லார்ஜ்மவுத் வகைப் பாஸைப் பிடித்தது 1932இல், அமெரிக்காவின் ஜார்ஜியாவில். நைலான் அறிவிக்கப்பட்டதே 1938இல்தான். ஆக, ஃப்ளோரோகார்பன் இல்லாமலே அவ்வளவு பெரிய மீன் சிக்கியிருக்கிறது. சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் சாதனைப் பட்டியலில் இம்மீனைப் பார்க்கலாம்.

புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்கள் இதை நம்பி விலை கூடிய நரம்பை வாங்கி ஏமாறுகிறார்கள். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.